நீர்க்காகம் சிறகை விரித்து நின்ற நாள்

தப்... தப்... தப்.

முதலில் அந்தச் சத்தம்தான் வரும். ஆறு தெரியாது, கரை தெரியாது. தண்ணீரின் மேல் படுத்திருக்கும் வெள்ளைப் புகை இன்னும் எழுந்திருக்காது. அதற்குள் எங்கோ ஒரு துணி கல்லில் விழும்.

அந்தக் காலத்தில், பறவையும் மீனும் ஆமையும் மனிதரோடு பேச்சு வைத்திருந்த காலத்தில், மணல்துறை என்னும் ஆற்றங்கரை ஊர் இப்படித்தான் விடியும். மூன்று அடி, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்துக்குள் அக்கரையிலிருந்து இரண்டு அடி பதிலாக வரும். தப், தப்.

இக்கரையில் அடிப்பவள் அஞ்சலை, துணிக்குச் சாயம் தோய்க்கிறவள். அக்கரையில் அடிப்பவள் அவள் தங்கை செங்கமலம், அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள். மூன்று அடி என்றால் ‘எழுந்துட்டியாடி’ என்று அர்த்தம். இரண்டு அடி என்றால் ‘எழுந்துட்டேன்க்கா.’ தாயும் தகப்பனும் இல்லாத அந்த இரண்டு பெண்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த ஊருக்கு ஆடிப் பதினெட்டுதான் பெரிய திருநாள். புதுத்தண்ணீர் படியேறி வரும் அன்று, ஊரார் சேர்ந்து ஆற்றுக்கு ஒரு சேலை கொடுப்பார்கள். அதை மஞ்சளில் தோய்த்துக் காயவைக்கும் வேலை அஞ்சலை வீட்டுக்கு. தோய்த்த சேலை தரையைத் தொடக்கூடாது. கொடியிலும் போடக்கூடாது, செடியிலும் போடக்கூடாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு காற்றில்தான் காயவைக்க வேண்டும். ஒரு முனையில் இக்கரைக்காரி, இன்னொரு முனையில் அக்கரைக்காரி. ஆறு இரண்டு கரைக்கும் பொதுவல்லவா? வெயில் உச்சிக்கு வருமுன் சேலை காய்ந்து தண்ணீரில் போய்விட வேண்டும்.

செங்கமலம் கல்யாணமாகிப் போன பிறகு மூன்று ஆடிக்கும் அவள்தான் வந்து மறுமுனையைப் பிடித்தாள். சும்மா வரமாட்டாள். கட்டிக்கொடுத்த பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டிலிருந்து அழைக்க வேண்டும். அழைப்பு என்றால் வாய்ச்சொல் இல்லை. ஒரு விரல் மஞ்சள் கிழங்கில் சாய நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு அனுப்ப வேண்டும். அந்த மஞ்சள் கைக்கு வராமல், ஆசை இருந்தாலும் ஒரு பெண் பரிசலில் கால் வைக்கமாட்டாள். அந்த ஊர்ப் பெண்களின் மானம் அப்படி.

நான்காவது ஆடியில் பரிசலுக்குத் தோல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மஞ்சளைக் கொண்டுபோக ஆளில்லை. அஞ்சலை நீர்க்காகத்தைக் கூப்பிட்டாள்.

நீர்க்காகம் அப்போது இப்போதிருப்பது போல ஊமைப் பறவை இல்லை. வாயாடி. அக்கரை மருத மரத்தில் கூடு, இக்கரை மடுவில் இரை. போகிற வழியில் இரண்டு ஊர்ச் சங்கதியையும் மாற்றி மாற்றிக் கொட்டிவிட்டுப் போகும். அதன் வாலடியில் ஒரு சிமிழ் எண்ணெய் இருந்தது. அதைச் சிறகில் தடவிக்கொண்டால், சேம்பிலையில் விழுந்த நீர் போலத் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். முங்கி எழுந்த அடுத்த நொடியே பறக்கும். அதில் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. “நனையறதுன்னா என்னங்க?” என்று நாரையிடம் கேட்டு வெறுப்பேற்றும்.

“இந்தாடா கருப்பா,” என்றாள் அஞ்சலை. “இதைக் கொண்டுபோய் அவ கையில குடு. வாயைத் திறக்காம போ. உனக்கு அதுதான் கஷ்டம்.”

“நீ வேறக்கா. நம்பிக் குடு.”

மஞ்சளை அலகில் கவ்விக்கொண்டு பறந்தது. நடு ஆற்றில் ஒரு மணல்திட்டு உண்டு. அதைத் தாண்டும்போது ஒரு கெண்டை வெள்ளியாகத் துள்ளியது. ஒரு கணம்தான். வாய் தானாகத் திறந்தது. மீன் உள்ளே போயிற்று. மஞ்சள் கீழே போயிற்று.

திரும்பிப் போய் இன்னொரு மஞ்சள் கேட்டிருக்கலாம். அஞ்சலை திட்டியிருப்பாள், அவ்வளவுதான். ஆனால் வயிறு நிறைந்திருந்தது, வெட்கமாகவும் இருந்தது. மருத மரத்தில் உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு, சாயங்காலம் இக்கரைக்கு வந்தது.

“குடுத்தியா?”

“குடுத்துட்டேன்க்கா.”

“என்ன சொன்னா?”

இந்தக் கேள்வி வரும் என்று அது நினைத்திருக்கவில்லை. “பார்க்கலாம்னா,” என்றது.

“பார்க்கலாமா?”

“அப்படித்தான் சொன்னா.”

அஞ்சலை கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். அதிலிருந்து தண்ணீர் எல்லாம் போன பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் விடியலில் அவள் மூன்றடி அடிக்கவில்லை. கீழ்த்துறைக் கல்லுக்கு மாறிப்போனாள். அக்கரையில் செங்கமலம் சில நாள் தானாகவே இரண்டடி அடித்துப் பார்த்தாள். ஆடிப் பதினெட்டு வந்து போயிற்று. அழைப்பு வரவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அந்த வருஷம் அக்கரையிலிருந்து வேறொருத்தி வந்து முனையைப் பிடித்தாள். பழக்கமில்லாத கை. பாதியில் தொய்ந்து சேலை மணலில் புரண்டது. ஆற்றில் விட்டார்கள். மூன்றாம் நாள் அது கரை ஒதுங்கிக் கிடந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே அஞ்சலைக்குக் கேட்டது.

மார்கழியில் செங்கமலத்துக்குத் தலைப்பிரசவம். பிறந்த வீட்டில் நடக்க வேண்டியது, புகுந்த வீட்டிலேயே நடந்தது. ஆண்பிள்ளை என்று பரிசல்காரன் மூக்கன் வந்து சொன்னான். அஞ்சலை பெட்டியிலிருந்து மெத்தென்று ஒரு பழஞ்சேலையை எடுத்தாள். தூளிக்கென்று துவைத்து மடித்து வைத்தாள். அனுப்பவில்லை.

“பார்க்கலாம்னு சொன்னவ, பார்க்கட்டும்,” என்றாள்.

இதெல்லாம் நீர்க்காகத்துக்குத் தெரியும். கோடையில் தண்ணீர் வடிந்து மணல்திட்டு வெளியே வந்தபோது அதன் ஈரச் சேற்றில் நாலு பச்சை இலை நின்றதும் தெரியும். மஞ்சள் முளைத்திருந்தது. தினமும் அதன் மேலேயே பறந்தது. தினமும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பறந்தது.

ஐந்தாவது ஆடி வந்தது. பதினெட்டாம் நாள் தண்ணீர் மேல்படி வரை வந்துவிட்டது. கரை முழுக்கக் கூட்டம். முளைப்பாரித் தட்டுகள், காதோலை கருகமணி, வாழையிலையில் காப்பரிசி. சின்னப் பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு எல்லார் காலிலும் ஏற்றினார்கள். புளிச்சோற்று வாசம் தண்ணீர் வாசத்தோடு கலந்து வந்தது.

அஞ்சலை தொட்டியிலிருந்து சேலையைத் தூக்கி, தரையில் படாமல் தோளில் சுமந்துகொண்டு நின்றாள். மஞ்சள் தண்ணீர் அவள் முதுகில் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கரையிலேர்ந்து யாரையாச்சும் கூட்டிட்டு வரட்டுமா?” என்றான் மூக்கன்.

“போன வருஷம் வந்தவ பிடிச்ச லட்சணத்தை ஆறே திருப்பிக் குடுத்துருச்சே.”

“அதுக்குத்தான் சொல்றேன். இந்த வருஷமும் திரும்பி வந்தா, இந்த வேலையை வேற வீட்டுக்கு மாத்திரலாம்னு பேசிக்கறாங்க.” குரலைத் தாழ்த்தினான். “அந்தா, உன் தங்கச்சி துறையிலதான் நிக்குது.”

“நிக்கட்டும்.”

மூக்கன் தலையைச் சொறிந்துகொண்டு, வேறு யாராவது கிடைப்பார்களா என்று பார்க்கப் பரிசலை அக்கரைக்குத் தள்ளினான்.

நடு ஆற்றுப் பாறையில் நீர்க்காகம் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் இரண்டு பேரும் தெரிவார்கள். இக்கரையில் ஒருத்தி ஈரச்சேலையைத் தோளில் சுமந்துகொண்டு நிற்கிறாள். அக்கரையில் ஒருத்தி தலைவாரி, பூவைத்து, இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டி, பிள்ளைக்கும் மை இட்டு, பரிசல் துறையில் நிற்கிறாள். யாரும் அழைக்கவில்லை. ஆனால் கூப்பிட்டால் அடுத்த அடி பரிசலில்தான் என்பதுபோல நிற்கிறாள்.

நீர்க்காகத்தால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. பறந்து போய் அவள் முன்னால் இறங்கியது.

“செங்கமலக்கா, உன்னைக் கூப்பிடறாங்க. வா.”

“மஞ்சள் எங்கே?”

“மஞ்சள்... வாயால சொல்றேனே.”

“வாயால சொன்னா வர்றதுக்கு நான் என்ன வழிப்போக்கியா? அதுவும் உன் வாயால.” அவள் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். “போ, வேலையைப் பாரு.”

நீர்க்காகம் திரும்பி மணல்திட்டு இருந்த இடத்துக்குப் போனது. திட்டு இல்லை. ஓராள் மட்டத்துக்கு மேல் சிவந்த தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. முங்கியது. சேறுதான் வந்தது. மறுபடி முங்கியது. இழுப்பு அதை வேறெங்கோ கொண்டுபோய் விட்டது. திரும்பி வந்து முங்கியது. சிமிழிலிருந்து எண்ணெய் எடுத்துத் தடவும், முங்கும். புதுவெள்ளத்து மண் அந்த எண்ணெயை அரப்புத்தூள் மாதிரி தேய்த்து எடுத்துவிடும். பத்து முறைக்குப் பிறகு சிமிழ் வறண்டுபோயிற்று.

கரையோரம் ஒற்றைக்காலில் நின்ற நாரை பார்த்துக்கொண்டிருந்தது. “என்னப்பா, மீனெல்லாம் இந்தப் பக்கம் போகுது, நீ அங்க என்ன தேடறே?”

நீர்க்காகம் பதில் சொல்லவில்லை. அது பதில் சொல்லாதது அன்றுதான் முதல் தடவை. தண்ணீர் தோல் வரை இறங்கிவிட்டது. உடம்பு கல்லாகக் கனத்தது. கனத்ததால் அடிவரைக்கும் போக முடிந்தது. அங்கே, இருட்டில், ஏதோ இலை அலகில் தட்டுப்பட்டது. அதே நேரம் ஒரு கெண்டை அதன் கன்னத்தை உரசிக்கொண்டே போயிற்று. போன வருஷத்ததைவிடப் பெரியது. நீர்க்காகம் இலையின் அடியைக் கவ்வியது. வாயைத் திறக்கவில்லை. இழுத்தது.

அக்கரையில் செங்கமலத்தின் காலடியில் அது ஏறி விழுந்தபோது, யாரோ பிழியாமல் போட்ட கந்தல் மாதிரி இருந்தது. அலகில் ஒரு மஞ்சள் செடி, இலையும் வேரும் சேறுமாக.

செங்கமலம் குனிந்து சேற்றை வழித்தாள். சுற்றிலும் புதுக் கிழங்குகள் விரல்விரலாக விட்டிருந்தன. நடுவில் பழைய தாய்க்கிழங்கு, சுருங்கிக் கறுத்துப்போனது. அதன் சதைக்குள் ஒரு சாய நூல் பதிந்திருந்தது. மூன்று சுற்று, உள்வாங்கிய முடிச்சு. சாயத்துக்குத் துணி கட்டுகிற முடிச்சு. அப்படி முடிச்சுப் போடுகிறவள் இரண்டு கரையிலும் ஒருத்திதான்.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இது இந்த வருஷத்து மஞ்சள் இல்லையே,” என்றாள்.

நீர்க்காகம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

“போன ஆடிக்கே அனுப்பினாளா?”

“ம்.”

“வயித்துல இவனை வச்சுக்கிட்டு மார்கழி வரைக்கும் ஆத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன்டா.” அவள் திட்டவில்லை. மஞ்சளை முந்தானையில் முடிந்துகொண்டாள். “மூக்கண்ணே, பரிசலைத் திருப்பு.” பிறகு, என்ன நினைத்தாளோ, குளிரில் நடுங்கிய பறவையையும் ஒரு கையால் தூக்கிப் பரிசலில் போட்டுக்கொண்டாள்.

இக்கரையில் அஞ்சலை அசையாமல் நின்றாள். தங்கை படியேறி வந்து முந்தானையை அவிழ்த்து மஞ்சளைக் காட்டினாள்.

“பார்க்கலாம்னு சொன்னியாமே,” என்றாள் அஞ்சலை.

“யார் சொன்னா?”

இரண்டு பேரும் பறவையைப் பார்த்தார்கள்.

“நான்தான்,” என்றது நீர்க்காகம். “மஞ்சள் வழியிலேயே விழுந்துருச்சு. மீன் துள்ளுச்சு, வாயைத் திறந்துட்டேன்.”

அஞ்சலை தோளில் சரிந்த ஈரச்சேலையை ஏற்றிவிட்டுக்கொண்டாள். “பெரிய மீனா?” என்று கேட்டாள்.

“ஒரு சாண் இருக்கும்.”

“ருசியா இருந்துச்சா?”

நீர்க்காகம் அலகை ஈரச் சிறகுக்குள் நுழைத்துக்கொண்டது.

“யக்கா, வெயில் ஏறுது,” என்றான் மூக்கன்.

“பிள்ளையைப் பிடிண்ணே,” என்று செங்கமலம் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அஞ்சலை தோளிலிருந்து ஒரு முனையை நீட்டினாள். செங்கமலம் வாங்கிக்கொண்டு பின்னோக்கி நடந்தாள், பின்னோக்கியே, சேலை முழுநீளத்துக்கும் விரியும் வரை. காற்று உள்ளே புகுந்து அதைத் தூக்கியது. கரை முழுவதும் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

“யார் ஜாடையைக் கொண்டிருக்கான்?” என்று அந்த முனையிலிருந்து அஞ்சலை கேட்டாள்.

“வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஏழு மாசமா பெரியம்மான்னு கூப்பிட ஆளில்லாம கிடக்கான்.”

“ஏழு மாசத்துல பேசிருவானாக்கும்.”

“உன் வீட்டுப் பிள்ளைல்ல. பேசுவான்.”

சேலை நடுவில் தொய்ந்தது. யாருக்குக் கை தளர்ந்தது என்று சொல்ல முடியாது. உடனே இரண்டு பேரும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

நீர்க்காகம் பக்கத்துப் பாறையில் ஏறிப் பறக்கப் பார்த்தது, முடியவில்லை. சிறகை மடக்கிக்கொண்டு ஒடுங்கி நின்றது. அஞ்சலை முனையை விடாமலே அந்தப் பக்கம் திரும்பினாள்.

“மடிச்சு வச்சா காயுமாடா? ஈரத்தை மடிக்கக்கூடாது. ரெண்டு முனையும் விரிச்சுப் பிடி. காயற வரைக்கும் நில்லு.”

அது சிறகை விரித்தது. ஒரு பக்கம் அக்கரைக்கும் ஒரு பக்கம் இக்கரைக்குமாக, விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தச் சேலை உச்சிவெயிலுக்குள் காய்ந்தது. ஆறு அதை வாங்கிக்கொண்டது, வளைவு வரை கண்ணில் காட்டியது, திருப்பித் தரவில்லை.

நீர்க்காகத்தின் எண்ணெயும் திரும்பி வரவில்லை. வாய்ப்பேச்சையும் அது அன்றோடு விட்டுவிட்டது. செங்கமலத்துக்குப் போன அந்த ஒரு வருஷத்தை அதனால் முங்கி எடுக்க முடியாதே.

அன்று முதல்தான் நீர்க்காகம் ஒவ்வொரு முறை முங்கி எழுந்ததும் பாறையிலோ பட்டமரத்திலோ ஏறி, இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெகுநேரம் நிற்கிறது. எந்த ஆற்றுக்குப் போனாலும் பார்க்கலாம். துறையில் துணி துவைக்கும் பெண்கள் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அன்றைக்கும் அது அப்படியே நின்றுகொண்டிருந்தது. கூட்டம் கலைந்து, சிந்திய காப்பரிசியை எறும்பு இழுத்துக்கொண்டிருந்தது. அஞ்சலை வீட்டுக்குப் போய், மார்கழியில் மடித்து வைத்த தூளிச் சேலையை எடுத்து வந்தாள். பெட்டி வாசம் போக ஒருமுறை அலச வேண்டும். தண்ணீரில் முக்கி, பழைய கல்லுக்கே போய் ஓங்கினாள்.

தப்... தப்... தப்.

நிறுத்தினாள். செங்கமலம் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் எதிரெதிராக முறுக்கிப் பிழிந்தார்கள்.