அரசன் சொன்ன 'அடடா'

முன்னொரு காலத்தில் குறும்பலா நாட்டை உதயகேசரி என்றொரு அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் மூக்கு நுனியில் கோபம், நாக்கு நுனியில் கேலி. கூட நாலு பேர் இருந்துவிட்டால் கேலி இன்னும் கொஞ்சம் கூடும்.

அவன் கட்டிய இசை மண்டபத்தில் ஆயிரம் பேர் உட்காரலாம். உட்கார்ந்தவர்கள் என்னவோ அரண்மனை அதிகாரிகள் மட்டும்தான். பாடகி வடிவாம்பாள் கண்ணை மூடிப் பாடிவிட்டுத் திறந்தால் எதிரே தூண்கள்தான் வரிசையாக நிற்கும்.

"ஊரே கூத்துக்குப் போகிறது, சேவல் சண்டைக்குப் போகிறது. என் மண்டபத்துக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்று ஒருநாள் அவையில் கேட்டான் அரசன்.

'இசைச்சமுத்திரம்' என்று பட்டம் பெற்ற வெங்கணார் எழுந்தார். பாட்டில் நயமான இடம் வந்ததும் சுட்டுவிரலை உயர்த்திக் காட்டுவது அவர் உத்தியோகம். விரல் உயர்ந்த பிறகுதான் சபை தலையாட்டும். பக்கத்துத் தொடையைப் பார்த்துத் தாளம் போடுகிறவர்கள் அந்தக் காலத்திலும் உண்டு.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை, பிரபு? ஜனங்களுக்கு ஞானம் கிடையாது. இந்தப் பெண்ணுக்கோ அவர்களை இழுக்கிற வித்தை கிடையாது. வருகிற பௌர்ணமிக் கச்சேரிக்கும் மண்டபம் காலியாக இருந்தால் இவளை ஊரைவிட்டு அனுப்பிவிடலாம். என் தங்கை மகள் ஒருத்தி சுமாராகப் பாடுவாள்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

வடிவாம்பாள் பிறந்ததும் பாடக் கற்றதும் அந்த ஊரில்தான். அவை ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவள் தம்புராவை உறையில் போட்டாள்.

மந்திரி நல்லகுற்றாலம் அரசனைத் தனியே பிடித்தார். "அரசே, ஜனங்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தாங்கள் உட்காரும் இடத்திலிருந்து தெரியவில்லை. ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு என்னோடு வந்தால் காட்டுகிறேன்."

கச்சேரி அன்று அரசருக்கு ஜலதோஷம், திரைக்குப் பின்னாலிருந்து கேட்பார் என்று அறிவித்தார்கள். மந்திரி அரசனைக் கொல்லைப்புறமாக யானைக்கொட்டிலுக்கு அழைத்துப் போனார். மண்டபத்தின் பின்சுவர் அங்கேதான் இருந்தது. சாணி நாற்றத்திலும் கொசுக்கடியிலும் ஊரில் பாதி அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தது. மேலே சாளரம் வழியாகப் பாட்டு வந்துகொண்டிருந்தது.

அரசனும் இடம் பிடித்து உட்கார்ந்தான். பார்ப்பதற்கு விரல் இல்லை. எங்கே தலையாட்டுவது என்று தெரியாமல் முதலில் தவித்துப் போனான். பிறகு அதை மறந்தான். வடிவாம்பாள் ஒரு வரியை எடுத்துக் கீழே கொண்டுபோய், இனி அவ்வளவுதான் என்று நினைத்தபோது மறுபடி மெல்லத் தூக்கினாள். "அடடா" என்று அரசன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த ஆள்மீது எண்ணெய்ப் பிண்ணாக்கு வாசனை அடித்தது. "ஏன்யா வாயப் பொத்துத? தாராளமாச் சொல்லு. இங்க ராசா இல்ல" என்றான் அவன்.

"உள்ளே போய்க் கேட்கலாமே? கதவு திறந்துதானே இருக்கிறது?"

"போனேன்யா. செக்காட்டுற பேச்சிமுத்துன்னா ஊருக்கே தெரியும். ஒருநா இதே மாதிரி என்ன மறந்து 'அடடா'ன்னுட்டேன். அந்தப் பெரியவர் விரலத் தூக்குறதுக்கு முந்திச் சொல்லிட்டேன் போல. பாட்ட நிறுத்திட்டு, 'அது என்ன ராகம், சொல்லு பாப்போம்'னு ராசா கேட்டாரு. எனக்கு என்ன தெரியும்? நல்லாருந்துச்சு, அவ்வளவுதான். ராசா சிரிச்சாரு. சபையே சிரிச்சுது."

"விளையாட்டுக்குச் சிரித்திருப்பார்."

"இருக்கும். எம் பொண்டாட்டி மாடத்தி பக்கத்துல இருந்தா. அவளுக்குப் பாட்டுன்னா உசிரு. அன்னிக்கி எந்திரிச்சுப் போனவ இந்தச் சுவர்ப்பக்கம்கூட வாரதில்ல. இங்க இருக்கவங்க எல்லாருமே அதக் கண்ணால பாத்தவங்கதான்."

அரசன் யோசித்தான். சிரித்தது ஞாபகம் இல்லை. அந்த முகமும் ஞாபகம் இல்லை. ஒரு குடும்பத்தின் பாட்டைப் பறித்துவிட்டு, பறித்ததையே மறந்திருக்கிறோமே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. கம்பளியை முகம்வரை இழுத்துக்கொண்டான்.

மறுநாள் அவையில் வெங்கணார் முந்திக்கொண்டார். "மண்டபம் காலி, பிரபு. ஆனாலும் திரைக்குள் தாங்கள் ரசித்த அழகே அழகு. தாங்கள் தலையசைத்த இடத்திலெல்லாம் நான் விரலை உயர்த்தினேன்."

மந்திரி ஆள் அனுப்பித் திரைக்குள் இருந்ததைக் கொண்டுவரச் சொன்னார். தலைப்பாகை கட்டிய ஒரு திண்டு வந்தது.

வெங்கணார் முகத்தில் ஈயாடவில்லை. "எதைப் பார்த்துத்தான் ஐயா விரலைத் தூக்குவீர்?" என்று கேட்டார் மந்திரி.

"மன்னரின் கால் கட்டைவிரலை... அது அசைந்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நேற்று அது தெரியாததால் குத்துமதிப்பாக..."

"நான் உம்முடைய விரலைப் பார்த்துத்தான் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்" என்றான் அரசன். அவையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "உம்மைத் தண்டித்தால் என்னையும் தண்டிக்க வேண்டும். உட்காரும். வடிவாம்பாள் எங்கும் போக வேண்டாம். அந்தப் பின்சுவரை இடித்துவிடுங்கள்."

"இடித்தால் வேறொரு சுவருக்குப் பின்னால் போய்விடுவார்கள், அரசே" என்றார் மந்திரி. "அவர்களைத் தடுத்தது சுவர் இல்லை."

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டுவிட்டு, நேரே செக்கடிக்கு நடந்தான். மாடத்தி வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, "வந்தா என்ன ராகம்னு கேப்பீகளா?" என்றாள்.

"இல்லை தாயே. இந்தத் தடவை நீ கேள்."

செக்கடிப் பேச்சு ஊரெல்லாம் பரவி, அடுத்த கச்சேரிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. பாட்டுக் கேட்க வந்தவர்கள் பாதி, அரசன் மாட்டிக்கொள்வதைப் பார்க்க வந்தவர்கள் பாதி. நடுப்பாட்டில் அரசன் "அடடா" என்றான். பாட்டு நின்றது. மாடத்தி எழுந்தாள்.

"ராசா, அது என்ன ராகம்?"

அரசன் எழுந்து நின்றான். காது இரண்டும் சுட்டன. "தெரியாது, தாயே."

சிரிப்பு வரும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தான். ஆயிரம் பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"எனக்கும் தெரியாது" என்றாள் மாடத்தி. "உக்காருங்க. அந்தப் பிள்ள பாடட்டும்."

வடிவாம்பாள் விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். அன்று முதல் யானைக்கொட்டிலில் யானைகள் மட்டும் நின்றன.