கீரி வைத்தியர் கேட்காத கேள்வி

ஒரு காட்டுக் குளக்கரையில் கீரி ஒன்று வைத்தியம் பார்த்து வந்தது. எலும்பு முறிவா, முள் குத்தலா, வயிற்றுப்போக்கா, எதுவானாலும் கீரிதான். கைராசிக்காரர் என்று பெயர்.

புத்தி தடுமாறும் நோய் மட்டும் வேறு சங்கதி. காரணமில்லாமல் கடிப்பது, தன் வாலையே பிய்த்துக்கொள்வது, நிழலைக் கண்டு அலறுவது. இதற்கென்றே மலையுச்சியில் ஒரு தேவாங்கு இருந்தது. அது நோயாளிகளைப் பார்க்காது. வைத்தியர்களுக்கு மட்டும் யோசனை சொல்லும். எந்த வேர், எவ்வளவு, எதோடு எது சேரக்கூடாது, எல்லாம் அதற்கு அத்துப்படி.

மலை ஏற வேண்டியதும் இல்லை. குளக்கரையில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. யார் பேசினாலும் அதே குரலில் திருப்பிச் சொல்லும். வைத்தியர் கேட்பதை வைத்தியர் குரலிலேயே மலையில் போய்ச் சொல்லும். பதிலைத் தேவாங்கின் குரலிலேயே கொண்டுவரும். அரை நாள் வேலை. அவ்வளவுதான்.

ஒரு நாள் சடையன் என்ற மலையணில் ஓடிவந்தது. கூடவே அதன் மனைவி பவளாயி. கூடவே என்றால், பத்தடி தள்ளி.

"வைத்தியரே, இவளுக்குப் புத்தி மாறிப்போச்சு! பக்கத்தில் போனால் கடிக்கிறாள்!"

"உன்னையா?"

"என்னைக் கடித்தால் பரவாயில்லை. கட்டிக்கொண்ட பாவத்துக்கு வாங்கிக்கொள்வேன். நேற்றுக் குட்டியைக் கடித்துவிட்டாள், அய்யா! இன்னொரு தடவை நடந்தால் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறு மரம் போக வேண்டியதுதான்."

பவளாயி வாயே திறக்கவில்லை. கண் மட்டும் கலங்கியது.

கீரிக்கு ஒன்றும் புரியவில்லை. அதை வெளியே காட்டிக்கொள்ளவும் இல்லை.

கரிச்சான் கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது. "மலைக்குப் போகவா? சொல்லுங்கள், பறக்கிறேன்!"

கீரி அதை ஓரமாக இழுத்துப்போய்ச் சீறியது. "மெதுவாகப் பேசு! நீ என் குரலிலேயே வழியெல்லாம் கத்திக்கொண்டு போவாய். 'எனக்குத் தெரியவில்லை, என்ன கொடுக்கலாம்?' என்று காடு முழுக்கக் கேட்கும். நாளைக்கு எந்த முயல் என்னிடம் வரும்?"

"மறக்காமல் இருக்கத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு போகிறேன்!"

"ஒன்றும் வேண்டாம். போ!"

கீரி திரும்பி வந்து உறங்குவேரை எடுத்துக் கொடுத்தது. "தினம் காலையில் ஒரு துண்டு. கோபம் அடங்கிவிடும்."

அடங்கவும் செய்தது. மூன்றாம் நாள் சடையன் அத்திப்பழத்தோடு வந்தது. "நீங்கள் தெய்வம், வைத்தியரே! குட்டிகள் அவள் மேல் ஏறி விளையாடுகின்றன. அசையாமல் கிடக்கிறாள்!"

கீரிக்குப் பெருமை தாங்கவில்லை. பழத்தைத் தின்றது. மலையணில் எங்கேயாவது அசையாமல் கிடக்குமா? அதை யோசிக்கவில்லை.

ஐந்தாம் நாள் பவளாயி பலா மரத்திலிருந்து தேக்கு மரத்துக்குத் தாவியது. பிறந்ததிலிருந்து தாவும் இடம். பாதியில் கை கால் சோர்ந்தது. கீழே பாறை.

கீரி போய்ச் சேர்ந்தபோது மூச்சு இல்லை.

அப்போதுதான் கரிச்சானைக் கூப்பிட்டது. "போ! நடந்ததை எல்லாம் சொல்! நான் எங்கே தப்பு செய்தேன் என்று கேள்!" கரிச்சான் கீரியின் குரலில் கத்திக்கொண்டே மலைக்குப் பறந்தது. காடு முழுக்கக் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

பொழுது சாயும்போது பதில் வந்தது. தேவாங்கின் தூக்கம் கலையாத குரல். "வாயைத் திறந்து பார்த்தீரா? இதுவரை கடிக்காதவள் திடீரென்று கடித்தால் எங்கோ வலி என்று அர்த்தம். வேறு மருந்து தின்கிறாளா என்று கேட்டீரா? உறங்குவேரை இன்னொன்றோடு சேர்த்தால் ஆளையே சாய்த்துவிடும்."

கீரி பவளாயியின் வாயைத் திறந்து பார்த்தது. கடைவாய்ப் பல் பிளந்து, ஈறு கறுத்து வீங்கியிருந்தது. பல்லிடுக்கில் ஏதோ நார். "இது என்ன?" என்று கேட்டது.

"அது மரப்புப் பட்டை," என்றது சடையன். "வாய் மரத்துப்போகும் என்று யாரோ மந்தி சொன்னதாம். உங்களிடம் வருவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே மென்றுகொண்டிருந்தாள். ஏதோ பெண்பிள்ளை சமாச்சாரம் என்று நானும் விட்டுவிட்டேன். ஏன் கேட்கிறீர்கள்?"

"தேவாங்கு சொன்ன அந்த 'இன்னொன்று' இதுதான்," என்றது கீரி.

சடையனே ஆறுதல் சொன்னது. "உங்கள் மேல் குறை இல்லை, வைத்தியரே. முடிந்ததைச் செய்தீர்கள். அவள் விதி."

"விதி இல்லை, சடையா," என்றது கீரி. "எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் மலையில் இருந்தார். கேட்க வெட்கப்பட்டேன்."

சடையன் திட்டவில்லை. 

"அரை நாள்தானே, அய்யா? பத்து நாள் பொறுத்தவள். இன்னும் அரை நாள் பொறுத்திருக்க மாட்டாளா?"



தெரியாது என்று சொல்ல வைத்தியர் வெட்கப்பட்டால், அது நோயாளியின் தலையில்தான் விடியும்.