திட்டும் பெட்டி

மலையடிவாரத்துப் புளியமரங்களில் இருபது குரங்குகள் குடியிருந்தன. மரங்களுக்குக் கீழே நஞ்சப்பனின் மக்காச்சோளத் தோட்டம். கதிர்கள் பால் பிடித்து நின்றன. குரங்குகளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் இறங்கத்தான் முடியவில்லை.

காரணம், நஞ்சப்பனின் மனைவி பழனாத்தாள். பகலெல்லாம் காவல் பரண்மேல் நின்று திட்டுவாள். அவள் குரல் எழுந்ததும் பூச்சி என்ற நாய் குரைத்துக்கொண்டு பாயும்.

"அந்தக் காது கிழிஞ்ச கடுவனே! வேலி மேல வெச்ச கையை எடு!" என்பாள். அந்தக் கடுவன் குரங்கு கையை எடுத்துவிடும்.

"அவளிடம் ஒரு மரியாதை இருக்கிறது. ஆளைப் பார்த்துத் திட்டுகிறாள்!" என்று வியந்தது செம்பி என்ற கிழட்டு மந்தி.

பத்தே நாளில் பழனாத்தாளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நஞ்சப்பன் சந்தைக்குப் போய், குரலைப் பதிந்து திரும்பத் திரும்பக் கத்தும் ஒரு பெட்டியை வாங்கி வந்தான்.

"இதுல ஒருக்கா திட்டு, போதும். நீ நிம்மதியாப் படுத்துக்கலாம்!"

"எதுக்க ஆருமே இல்லாம எப்படீங்க திட்டறது?" என்று அவள் கரகரத்தாள்.

நஞ்சப்பன் யோசித்தான். "உங்கம்மா வெச்ச கொழம்ப எங்க மாடுகூட மோந்து பாக்காது!" என்றான்.

அவ்வளவுதான்! அந்தக் கோபத்தையெல்லாம் குரங்குகள்மேல் திருப்பி, இருந்த குரலையெல்லாம் கூட்டி அவள் பெட்டிக்குள் வெடித்தாள். "எறங்குடா கீழ! பல்லை ஒடச்சுப் போடுவேன்! டேய் பூச்சி, ஓடு, புடி!"

நஞ்சப்பன் பெட்டியைப் பரணில் கட்டிவிட்டு டீக்கடைக்குப் போனான். பழனாத்தாள் வீட்டில் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டு படுத்தாள். பெட்டி கத்தத் தொடங்கியது.

முதல் நாள் பூச்சி நாற்பது முறை ஓடியது. ஒரு முறையும் அங்கே குரங்கு இல்லை. இரண்டாம் நாள் நாலைந்து முறை எழுந்தது. மூன்றாம் நாள் ஒரு காதை மட்டும் தூக்கியது. பிறகு அதையும் தூக்கவில்லை.

குரங்குகள் இரண்டு நாள் நடுங்கின. மூன்றாம் நாள் கடுவன் மெல்லத் தரையிறங்கி ஒரு கதிரைத் தொட்டது.

"எறங்குடா கீழ!" என்று அலறியது பெட்டி.

கடுவன் விழித்தது. "நான் கீழேதானே நிற்கிறேன்! இன்னும் எங்கே இறங்குவது?"

செம்பிக்குப் புரிந்துவிட்டது. "அவள் நம்மைப் பார்க்கவே இல்லை! எல்லோரும் வாருங்கள்!"

அன்று முதல் வயிறு முட்டத் தின்றன. தின்றது கொஞ்சம், ஒடித்து எறிந்தது அதிகம். வரப்பில் படுத்திருந்த பூச்சியைக் கடுவன் சீண்டியது.

"எங்களைத் தடுக்க வரமாட்டாயா?"

"கூப்பிட்டால் வருவேன்."

"இதோ கூப்பிடுகிறாளே!"

"அது எப்போதும்தான் கூப்பிடுகிறது" என்று பூச்சி கண்ணை மூடிக்கொண்டது. ஆனால் அதன் மனம் ஆறவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் பழனாத்தாள் தோட்டத்தை எட்டிப் பார்க்க வந்தாள். பாதித் தோட்டத்தில் கதிரில்லாத வெறும் தட்டைகள் நின்றன. நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கத்திப் பார்த்தாள், குரல் எழும்பவில்லை. கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சொட்டுநீர்க் குழாய் காலில் சிக்கியது. குப்புற விழுந்தாள். கம்பு எங்கோ போய் விழுந்தது.

கடுவன் பல்லைக் காட்டிக்கொண்டு அவளை நெருங்கியது.

"டேய் பூச்சி, ஓடு, புடி!" என்றது பெட்டி. நாய் அசையவில்லை.

அந்த இரைச்சலுக்கு அடியில் வேறொரு குரல், கிழிந்துபோன குரல் கேட்டது. "பூச்சி... எங்கடா சாமி இருக்கே?"

நாய் துள்ளி எழுந்தது. சோளத்தட்டைகள் முறிய முறியப் பாய்ந்து கடுவனின் வாலைக் கவ்வியது. கடுவன் வீறிட்டுத் திமிறி மரமேறியது. மற்றவையும் பின்னாலேயே ஓடின.

பூச்சி திரும்பி வந்து பழனாத்தாளின் சிராய்த்த முழங்காலை நக்கியது. தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்க்க அதற்குக் கூச்சமாக இருந்தது.

கிளையிலிருந்து செம்பி கேட்டது. "இத்தனை நாள் படுத்துக் கிடந்தவன் இன்று மட்டும் ஏன் வந்தாய்?"

"அந்தப் பெட்டிக்கு நான் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இவள் என்னைத் தேடினாள். பிறகு எப்படிப் படுத்திருப்பேன்?"



சேதி கேட்டு நஞ்சப்பன் ஓடி வந்தான். "பெட்டி கத்திக்கிட்டுத்தானே இருந்துச்சு!" என்று திகைத்தான்.

"பெட்டிக்குக் கண்ணு இருக்குதுங்களா?" என்றாள் பழனாத்தாள், காற்றாகிப்போன குரலில்.

அவன் பரணேறிப் பெட்டியை அவிழ்த்தான். மறுநாள் விடிந்ததும் தானே காவலுக்கு நின்றான். அவனுக்கு அவளைப்போலத் திட்ட வராது. "அடேய் கடுவா, அந்தப் பக்கம் போகாத, சொன்னாக் கேளு!" என்று கெஞ்சுவதுபோலத்தான் சொல்வான். ஆனாலும் கடுவன் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். பூச்சியும் எழுந்துவிடும். மிச்சமிருந்த பாதிச் சோளம் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது.

கேட்பவரைப் பாராமல் சொல்லும் சொல் எத்தனை உரக்க ஒலித்தாலும், அதற்குப் பகைவரும் அஞ்சமாட்டார், அன்பரும் வரமாட்டார்.