உள்ளேயும் மின்னிய தவலை

காட்டில் மழை பொய்த்த ஆண்டு அது. குளம் வற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. புல் கருகிவிட்டது. மண்ணுக்கு அடியில் கிடந்த காட்டுக் கருணைக்கிழங்கு மட்டும்தான் மிச்சம்.

அந்தக் கிழங்கை அப்படியே தின்ன முடியாது. தொண்டை அரிக்கும். புளி விட்டு வேகவைத்தால்தான் அரிப்பு அடங்கும். ஆகவே விலங்குகள் கூடிப் பேசி, குளக்கரையில் ஒரு பொது அடுப்பு மூட்டின. காட்டுப்பன்றிகள் கிழங்கு தோண்டின. பிச்சி என்ற மரநாய் புளியமரத்தின் உச்சிக்கிளை வரை ஏறிப் பழம் உலுக்கியது. சடையன் என்ற கரடி சமைத்தது.

பிச்சி அந்தக் காட்டில் பிறந்ததல்ல. வறண்ட ஆற்றுக்கு அப்பால் செந்நாய்களுக்குத் தப்பி, தன் இரண்டு குட்டிகளையும் மாற்றி மாற்றிக் கவ்விக்கொண்டு வந்து சேர்ந்தது. "அடுப்புக்குப் புளி கொண்டு வா. இங்கேயே இருந்துக்கோ" என்று காட்டுக்குத் தலைமையான யானை அதற்கு இடம் கொடுத்தது.

சமைக்கப் பாத்திரம் வேண்டுமே! அடிவாரத்துக் கோயிலில் பொங்கல் வைக்க வந்தவர்கள் மூன்று பாத்திரங்களை விட்டுப் போயிருந்தார்கள். மாயாண்டி என்ற நரி அவற்றை இழுத்து வந்து கரடியின் முன்னால் வைத்தது.

"இது மண்சட்டி. பன்றி ஒரு முட்டு முட்டினா ரெண்டாப் போயிடும்!" என்று நரி அதை ஒதுக்கியது.

"அந்த இரும்புச் சட்டி?" என்று கரடி கேட்டது.

"ஈரத்துல வச்சா விடியறப்ப துரு. புளி பட்டா குழம்பு மையாட்டம் கறுத்துடும். எவன் குடிப்பான்?"

பிறகு நரி மூன்றாவது பாத்திரத்தை நகத்தால் தட்டியது. டங்கென்று கரை முழுக்கக் கேட்டது.

"இதுதான் பாத்திரம்! பித்தளைத் தவலை. உள்ளே பாரு சடையா, வெள்ளையா ஈயம் பூசியிருக்கு. புளிப்புக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலயும் இப்படியே இருக்கும்!"

கரடி தவலையின் வயிற்றில் தன் முகத்தைப் பார்த்தது. தன் முகம் இத்தனை பொன்னிறமாக அது பார்த்ததே இல்லை. "இதையே வச்சுக்கலாம்" என்றது.

அன்று செய்த தேர்வு தவறா? தவறில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஈயம் இருந்தவரை அந்தத் தவலை யாருக்கும் தீங்கு செய்யவில்லை.

கரடி சுத்தக்காரக் கரடி. அடிப்பிடித்த குழம்பை ஆற்றுமணல் போட்டுத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கும். வெளிப்புறத்தைப் புளிச்சக்கையால் துலக்கும். துலக்கிய தவலையை எல்லோர் கண்ணிலும் படும்படி பாறைமேல் கவிழ்த்து வைக்கும். வெயில் பட்டால் அது இன்னொரு சூரியன் போல மின்னும்.

தேய்க்கத் தேய்க்க உள்ளே இருந்த வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அடியில் ஒரு மஞ்சள் பொட்டு தெரிந்தது. பொட்டு வட்டமாயிற்று. வட்டம் பெரிதாயிற்று. கடைசியில் உள்புறம் முழுவதும் பளபளத்தது.

"அடேயப்பா! சடையண்ணன் கை பட்டு உள்ளேயும் தங்கமாயிடுச்சு!" என்று குரங்குகள் கைதட்டின. கரடிக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து இன்னும் அழுத்தித் தேய்த்தது.

புளிக்குழம்பு ஊற ஊறத்தான் ருசி. ஆகவே கரடி சாயங்காலமே குழம்பைக் காய்ச்சித் தவலையிலேயே மூடி வைக்கும். மறுநாள் காலையில் எல்லோருக்கும் ஊற்றும்.

ஒரு நாள் செவ்வந்தி என்ற மான் குழம்பை நக்கிவிட்டுத் தலையை உயர்த்தியது.

"சடையண்ணே, குழம்பு நாக்குல ஒரு மாதிரி இருக்கே. கோயில் மணியை நக்கினாப்புல இருக்கு."

கரடிக்குச் சுருக்கென்றது. "கிழங்கு முத்தல், தாயி. கொஞ்சம் தேன் விடுறேன், சரியாப் போயிடும்" என்றது.

தேன் விட்டதும் அந்தச் சுவை மறைந்துவிட்டது. மான் அதைத் தன் குட்டிக்கும் ஊட்டியது.

பிறகு குட்டிமான் வாந்தி எடுக்கத் தொடங்கியது. வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தது. எழுந்தால் கால்கள் நடுங்கின. அடுத்து முயல்கள் படுத்தன. அடுத்து குரங்குகள். நரியின் குட்டியும் எதைக் கொடுத்தாலும் கக்கியது.

நரி பயந்துபோயிற்று. பயந்தவர்களுக்கு உடனே ஒரு பதில் வேண்டும்.

"யோசிச்சுப் பாருங்க!" என்று அது குளக்கரையில் கத்தியது. "கிழங்கு நம்ம மண்ணுல விளைஞ்சது. தண்ணி நம்ம குளத்துது. சமைக்கிறது நம்ம சடையன். புளி மட்டும் யாரு கொண்டாறா? ஆத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்தவ கொண்டாறா!"

"ஆமா! ஆமா!" என்றன மற்றவை.

"யானைப் பெரியவருக்கு ஆள் விட்டாச்சு. பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவார். அவளை ஆத்தைத் தாண்டி அனுப்பிடுவோம். சடையா, எல்லாரும் கூடுற இடம். தவலையைத் துலக்கி வை!" என்றது நரி.

கரடி தவலையை எடுத்துக்கொண்டு குளத்தோரம் போயிற்று. வெளிப்புறம் சற்றே மங்கியிருந்தது. ஓரங்களில் பச்சையாகக் களிம்பு படர்ந்திருந்தது. வழக்கம்போலப் புளிச்சக்கையை எடுத்து ஒரு தேய் தேய்த்தது. களிம்பு கரைந்து, அழுக்குப் பச்சையாகத் தண்ணீர் வழிந்தது. அந்த இடம் பளிச்சென்று ஆனது.

தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்று கரடியின் கை நின்றுவிட்டது.

கையிலிருந்தது புளி. குழம்பில் விடுவதும் இதே புளி. தொட்ட மாத்திரத்தில் வெளியே இருப்பதை இப்படி அரித்து எடுக்கிறதே! அப்படியானால் இரவு முழுவதும் உள்ளே ஊறிக் கிடந்த புளி எதை எடுத்திருக்கும்? எடுத்தது எங்கே போயிருக்கும்?

கரடி தவலையைத் திருப்பி உள்ளே பார்த்தது. வெள்ளை எங்குமே இல்லை. கழுத்தும் வயிறும் சேருமிடத்தில், விரல் நுழையாத மடிப்பில், பச்சைக் கோடு ஒன்று ஓடியது.

"புளிப்புக்கு ஒண்ணும் ஆகாது" என்று நரி சொன்னது நினைவுக்கு வந்தது. அது ஈயத்தைக் காட்டிச் சொன்ன சொல். அந்த ஈயத்தைத் தேய்த்து எடுத்தது யார்?

கரடி தவலையைக் கீழே வைத்தது.

வாயைத் திறக்காமலும் இருக்கலாம். நாளையிலிருந்து தவலை நசுங்கிவிட்டது என்று சொல்லி மண்சட்டியில் காய்ச்சலாம். எல்லோரும் மெல்ல மெல்லத் தேறிவிடுவார்கள். பிச்சி போனதால்தான் தேறினோம் என்று சொல்வார்கள். கரடியின் பெயருக்கு ஒரு கீறலும் விழாது. ஆற்றுக்கு அப்பால் செந்நாய்கள் என்ன செய்யும் என்பதை யாரும் பார்க்கப் போவதில்லை.

தன்னால் இவ்வளவு சுலபமாக இதை யோசிக்க முடிகிறதே என்பதுதான் கரடியை அதிகம் பயமுறுத்தியது.

யானை வந்துவிட்டது. விலங்குகள் வட்டமாகக் கூடின. நடுவில் பிச்சி நின்றது. அதன் குட்டிகள் காலடியில் ஒண்டிக்கொண்டிருந்தன.

"அந்த மரத்துப் பழத்தைத்தான் என் பிள்ளைகளும் தின்னுதுங்க, பெரியவரே!" என்றது பிச்சி. "அதுங்களுக்கு ஒண்ணும் ஆகலையே!"

"மரநாய் வயிறு கருங்கல்லு! அதுக்கு எதுதான் ஆகும்?" என்றது நரி. சில குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தன.

"நான் ஏன்யா உங்க பிள்ளைகளுக்குக் கெடுதல் பண்ணப்போறேன்? எனக்கு இருக்க இடம் கொடுத்தவங்க நீங்க!"

யானை பிச்சியின் குட்டிகளைக் குனிந்து பார்த்தது. அது கெட்ட யானை அல்ல. ஆனால் சுற்றிலும் தாய்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

"பிச்சி, எனக்கும் மனசில்லைதான். ஆனா புளியைத் தவிர வேற எதையும் சந்தேகப்பட முடியலை. குட்டிகளுக்குத் தண்ணி காட்டிட்டுக் கிளம்பு."

பிச்சி மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தது. பிறகு குனிந்து ஒரு குட்டியைக் கவ்வியது. குட்டியைக் கவ்விய வாயால் வாதாட முடியாது. மற்றக் குட்டியை என்ன செய்வது என்று தெரியாமல், ஒன்றை வாயிலும் ஒன்றைக் காலடியிலும் வைத்துக்கொண்டு, அது வட்டத்தைச் சுற்றிப் பார்த்தது. அந்தப் பார்வை கரடியிடம் வந்து நின்றது.

"நில்லு பிச்சி!" என்றது கரடி. "புளியில குத்தமில்லை. குத்தம் என் தவலையில."

"என்ன உளர்ற?" என்று நரி பாய்ந்தது. "காட்டுலயே சுத்தமான பாத்திரம் அது!"

"ரொம்பச் சுத்தம் பண்ணிட்டேன், மாயாண்டி. நீ காட்டின வெள்ளை உள்ளே இல்லை. வந்து பாரு."

கரடி ஒரு வாழைப்பட்டையைக் கிழித்தது. அதன் வெள்ளை உள்பக்கத்தில் பிச்சி கொண்டுவந்த புளியைத் தடவி, தவலையின் கழுத்து மடிப்பில் அழுத்தித் துடைத்து எடுத்தது. பட்டையில் பச்சை அப்பியிருந்தது. பிறகு மண்சட்டியைக் கொண்டுவந்தது. அதே புளியை இன்னொரு பட்டையில் தடவிச் சட்டிக்குள் துடைத்தது. புளியின் பழுப்பைத் தவிர எதுவும் ஒட்டவில்லை. மிச்சப் புளியை மண்சட்டியில் கரைத்து, எல்லோரும் பார்க்க மடமடவென்று குடித்தது.

"இந்தக் களிம்பு விஷத்தைத்தான் ஒவ்வொரு ராத்திரியும் ஊறவச்சு, காலையில உங்களுக்கு ஊத்தினேன்" என்று பச்சைப் பட்டையை நீட்டியது.

"நீயும்தானே அந்தக் குழம்பைக் குடிச்ச? உனக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?" என்றது நரி.

கரடி தலையைத் தாழ்த்தியது. "உப்புப் பார்க்க நாக்கு நுனியில வச்சதோட சரி. எனக்குத் தின்னத் தேன்கூடு இருந்துச்சு."

விலங்குகள் ஒவ்வொன்றாகப் பட்டையை எட்டிப் பார்த்தன.

செவ்வந்தி மெல்ல நடந்து கரடியின் முன்னால் வந்து நின்றது. "நான் சொன்னேனே, அண்ணே! கோயில் மணியாட்டம் இருக்குன்னு சொன்னேனே! நீங்க தேனை ஊத்தினீங்க."

கரடி பச்சைப் பட்டையை மானின் முன்னால் கீழே வைத்தது.

யானை பிச்சியின் காலடியில் கிடந்த குட்டியைத் துதிக்கையால் தூக்கித் தாயின் முதுகில் வைத்தது. "இருந்துக்கோ, தாயி. நாங்க தப்பாச் சொல்லிட்டோம்" என்றது.

நரி மட்டும் இன்னும் விடவில்லை. அதன் குரலில் இப்போது கோபம் இல்லை, தவிப்புதான் இருந்தது. "மண்சட்டி உடையுமே, சடையா! இரும்பு துருப்பிடிக்குமே! பிறகு எதுலதான் சமைப்ப?"

"உடைஞ்சா உடைஞ்சது தெரியும், மாயாண்டி. துருப்பிடிச்சா துரு தெரியும். இது தேயத் தேய மின்னுச்சு. நாம கைதட்டினோம்."

அன்று மாலையே கரடி மண்சட்டியைக் கழுவி அடுப்பேற்றியது. சட்டி சிறியது. ஆகவே திரும்பத் திரும்ப உலை வைத்தது. ஊற வைக்காமல் அவ்வப்போதே ஊற்றியது. இரும்புச் சட்டியில் புளி சேராமல் கிழங்கைச் சுட்டது. வேலை முடிந்ததும் அதை ஈரம் போகத் துடைத்து இலுப்பை எண்ணெய் தடவி வைத்தது. மண்சட்டி ஒருமுறை விரிசல் விட்டது. எல்லோரும் பார்த்தார்கள். வேறு சட்டி தேடிப் போனார்கள். அவ்வளவுதான்.

படுத்தவை ஒவ்வொன்றாக எழுந்தன. நரியின் குட்டி கிழங்கு கேட்டு அழுதது. குட்டிமானும் பிழைத்தது. ஆனால் அந்தக் கோடை முழுவதும் அது ஒருமுறைகூடத் துள்ளவில்லை. கரடி அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

பித்தளைத் தவலையை யாரும் எறியவில்லை. மறுபடி ஈயம் பூசும் வரை அது அடுப்பேறக் கூடாது என்று யானை சொல்லிவிட்டது. காட்டில் ஈயம் பூசத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆகவே அதில் சுள்ளி போட்டு வைத்தார்கள்.

அதன் பிறகு அந்தக் குளக்கரையில் எந்தப் பாத்திரத்தையும் கவிழ்த்து வைப்பதில்லை. உட்புறம் எல்லோருக்கும் தெரியும்படி பாறையில் சாய்த்து வைப்பார்கள்.

பிச்சி இப்போதும் புளி கொண்டுவருகிறது. ஆனால் முன்போல மரத்திலிருந்தே வீசிவிட்டுப் போவதில்லை. கீழே இறங்கி வந்து அடுப்பருகே நிற்கும். கரடி சட்டியை அதன் பக்கம் சாய்த்துக் காட்டும். பிச்சி உள்ளே எட்டிப் பார்க்கும். பார்த்த பிறகுதான் புளி சட்டிக்குள் விழும்.

வெளியே மின்னுவதைப் பார்த்துச் சமையல் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்காமல், உணவு தொடுகிற உட்புறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள், ஏனென்றால் நாம் பார்க்கத் தவறியதற்கான தண்டனை பெரும்பாலும் வேறொருவரின் பிள்ளைக்குத்தான் போய்ச் சேருகிறது.