குசும்புக்குப் பொருள்

"குசும்புன்னா என்னங்கம்மா அர்த்தம்?" என்று கேட்டார் சீடர் அர்த்தநாரி.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, கொங்குச் சொற்களுக்கு அகராதி எழுதிக்கொண்டிருந்தார். குரு தெய்வானையம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர். மடத்து அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"கேலின்னு எழுதி அடிச்சுட்டேனுங்க. கேலி பண்றவன் சிரிப்பான். நக்கல்னு எழுதி அதையும் அடிச்சேன். நக்கலடிக்கிறவன் உதட்டைச் சுழிப்பான். குசும்பு பண்றவன் மூஞ்சியில ஒண்ணுமே தெரியாதுங்க. கடைசியில 'அவமானம்'னு எழுதி வெச்சிருக்கேன்."

"யாரு பண்ணுனாங்க?"

அர்த்தநாரி தலையைக் குனிந்தார். சொல்லுக்கு அர்த்தம் கேட்டு வந்தால் இந்த அம்மாள் வீட்டுக் கதையைத் தோண்டுகிறார்.

"அக்கா ஊட்டுக்காரருங்க."

எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் முதல் வாய்க்கே "உப்பு ஒரு கல்லு கம்மி" என்பது அர்த்தநாரியின் வழக்கம். அக்காவின் மூத்த மகள் கல்யாணத்தில், மச்சான் ஒரு கிண்ணம் நிறையக் கல்லுப்பைக் கொண்டுவந்து அவர் இலையோரம் வைத்தார்.

"மாப்ள, தாய்மாமனுக்குன்னு தனியா எடுத்து வெச்சதுங்க."

சிரிக்கவில்லை. அடுத்த இலைக்கு ரசம் ஊற்றப் போய்விட்டார்.

தாய்மாமன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். மூன்று வருஷமாகப் போக்குவரத்து இல்லை. அக்கா முகத்தைப் பார்க்காதது அவருக்கு வலிக்கத்தான் செய்தது.

"வர்ற வெள்ளிக்கிழமை சின்னவளுக்குக் கல்யாணமுங்க. பத்திரிகை வந்திருக்குது. போறதா வேண்டாமான்னு தெரியல."

"சாப்பிடுங்க," என்றார் குரு.

சோறும் கீரையும் வந்தன. அர்த்தநாரி கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார்.

"எப்படி இருந்துச்சுங்க?"

"அமிர்தமுங்கம்மா."

"உப்பே போடலீங்களே."

"தெரிஞ்சுதுங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட எப்படிங்க சொல்றது? மச்சான்னா..."

நிறுத்திக்கொண்டார். குரு இலையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

அர்த்தநாரி கை கழுவிவிட்டு வந்தார். பிறகு நோட்டைத் திறந்து 'அவமானம்' என்பதையும் அடித்தார். பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

வாசலில் குரு ஒரு பொட்டலத்தை நீட்டினார். அவர் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். கல்லுப்பு.

"கல்யாண ஊட்டுல பத்தாமப் போயிருச்சுன்னா?"

அர்த்தநாரி அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் இலையோரம் வந்த அந்தக் கிண்ணத்துக்கு அவருக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது.