தொண்டைக்கு ஒரு யோசனை

“‘புரிஞ்சுதா’ன்னு கேப்பாரு. நாம வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்த பக்கம் போயிடுவாருடி.”

வேதியியல் வகுப்பு முடிந்து மாடிப்படியில் இறங்கிய ஒரு மாணவி அலுத்துக்கொண்டது செண்பகவல்லியின் காதில் விழுந்தது.

அறிவியல் பேராசிரியர்கள் இன்னும் நன்றாகப் பாடம் நடத்த உதவுவதற்கென்று பல்கலைக்கழகம் அவளைத் தற்காலிகமாக வேலைக்கு வைத்திருந்தது. ஐந்து பேர் “நேரமில்லை” என்று அனுப்பிவிட்டார்கள். ஆறாவது ஆள் வேதியியல் டாக்டர் சற்குணம். அவர் வகுப்பில் பாதிப் பேர் பெயில்.

“இங்க பாரும்மா, இது இருபத்தாறு வருஷ நோட்ஸ். ஒரு வார்த்தை மாத்தக் கூடாது. ஆனா பசங்க பாஸாகணும். முடியலேன்னா உன் வேலையே தண்டம்னு துணைவேந்தருக்கு எழுதிடுவேன்.”

“ஒரு வார்த்தையும் மாத்த வேண்டாம் சார். உங்க தொண்டைதான் பாவம், கரகரங்குது. ‘புரிஞ்சுதா’ன்னு கேக்கறப்பல்லாம் நிதானமா ஒரு வாய் தண்ணி குடிங்க.”

“இதைச் சொல்லத்தான் உனக்குச் சம்பளமா?” என்று சீறினார். ஆனால் தொண்டை நிஜமாகவே கரகரத்ததால், மறுநாள் பாட்டிலோடு வந்தார். செண்பகவல்லி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

சற்குணம் பலகையை நிரப்பினார். “புரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டுப் பாட்டிலைத் திறந்து குடித்தார். அவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா என்ற மாணவி கை தூக்கினாள்.

“சார், அஞ்சு வாரமா எல்லாச் சமன்பாட்டுலயும் எழுதறீங்களே, அந்த ‘எஸ்’னா என்ன சார்?”

“இதுகூடவா தெரியாது? வேற யாருக்குத் தெரியாது?”

ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும் உயர்ந்தன.

சற்குணம் பலகை முழுவதையும் அழித்தார். நடுவில் ‘எஸ்’ மட்டும் எழுதினார். “இது என்னவா இருக்கும்னு நினைக்கறீங்க?” என்று கேட்டுவிட்டு, பாட்டிலை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தார்.