தோள்ல குறுக்க போடு, தாயி

ஒரு ஊர்ல ஒரு போட்டோக்காரி இருந்தா. ஊரு கோவில்பட்டி, பேரு செண்பகவல்லி. கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் அவதான். கேமரா மட்டும் லென்ஸோட ரெண்டரை கிலோ. எந்நேரமும் கழுத்துலயே தொங்கும். ம் சொல்லிக்கிட்டே கேளுடி. ஆங்.

அப்போ ஒரு காதுகுத்துல பழைய கேமரா பெல்ட்டு 'டப்'புன்னு அறுந்துபோச்சு. கேமரா நேரா, பிள்ளைய மடியில வாங்கிக்க உக்காந்திருந்த தாய்மாமன் மடியில விழுந்துச்சு. பிள்ளை அழறதுக்கு முன்னாடி அவரு "ஐயோ அம்மா"ன்னு கத்திட்டாரு. கேமரா அப்பவே பொழைச்சுக்கிச்சு. மாமா பொழைக்க ஒரு வாரம் ஆச்சு.

அப்புறம் புது பெல்ட்டு வாங்கப் போனா. கடைக்காரரு தோல் பெல்ட்ட நீட்டி, "அசல் எருமைத் தோலும்மா, நூறு வருஷம் உழைக்கும்"னாரு. நம்ம கழுத்து உழைக்கணுமேன்னு யோசிச்சுக்கிட்டே வாங்கிட்டா. மண்டபத்துல நடந்தா 'கிறீச் கிறீச்'. ஐயரு மந்திரத்தை நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்குறாரு. வேர்வை பட்டதும் சாயம் வேற எறங்கி, அவ வெள்ளைச் சட்டை கருப்பாயிருச்சு.

அப்புறம் ரப்பரு மாதிரி இழுபடுற பெல்ட்டு. மெத்துமெத்துன்னுதான் இருந்துச்சு. ஆனா பந்தியில படம் எடுக்கக் குனிஞ்சா பாரு, 'டொய்ங்'! லென்ஸு நேரா சம்பந்தி இலையில, ரசத்துக்குள்ள. சிரிக்காத, தூக்கம் போயிரும்.

மூணாவது, வழுவழுன்னு நைலான். தோள்ல போட்டா 'சர்ர்ர்'னு இறங்கிரும். கழுத்துல போட்டா அறுக்கும். அதோடதான் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்குப் போனா. கழுத்து பூரா செவந்து கொப்புளம். வலியில கண்ணு கலங்கிருச்சு. இந்தக் கல்யாணத்தோட தொழிலையே விட்டுரலாம்னு முடிவு பண்ணிட்டா.

அப்போ பக்கத்துல 'தகதிமி தகதிமி'ன்னு தவிலு. வாசிக்கிறது பிச்சையா அண்ணன். அம்புட்டுப் பெரிய தவிலைத் தொங்கவிட்டுக்கிட்டு, சிரிச்ச முகமா நடக்குறாரு. இவளுக்கு வயிறு எரிஞ்சுது.

"ஏண்ணே, கழுத்து வலிக்கலையா?"

"கழுத்துல மாட்ட நான் என்ன மாடா? நாலு விரல் அகலத்துக்கு நூல் பட்டை. தோள்ல குறுக்க போடு, தாயி. கனம் பரவிரும்."

அவரு பையில பழைய பட்டை ஒண்ணு இருந்துச்சு. தொவைச்சுத் தொவைச்சுப் பூ மாதிரி ஆனது. "அதைக் குடுங்கண்ணே"ன்னா.

"தாரேன். ஆனா இருபது வருஷமா வாசிக்கிறேன், ஒரு ஆல்பத்துலயும் என் மூஞ்சி இல்ல. பாதித் தவிலும் ஒரு கையும்தான் இருக்கு. என்னைய முழுசா ஒண்ணு எடு."

அவளுக்குச் சுருக்குன்னுச்சு. அந்த ஆல்பங்கள்ல பாதி அவ போட்டதுதானே?

அப்புறம் பட்டையைக் கேமராவுல முடிச்சு போட்டு, தோள்ல குறுக்க மாட்டினா. அடடா! கேமரா இருக்கிறதே தெரியல. மறுநாள் சாப்பாட்டுப் பந்தி முடியிற வரைக்கும் ஓடி ஓடி எடுத்தா.

அப்புறம் ஆல்பம் வந்துச்சு. மாப்பிள்ளையோட அப்பா ஆசையாத் திறந்தாரு. மொதப் பக்கம் பூரா பிச்சையா அண்ணன், தவிலோட, பல்லெல்லாம் தெரிய!

"ஏம்மா, மாப்பிள்ளை எங்க?"

"இருக்காருங்கய்யா. பக்கத்தைத் திருப்புங்க."

அம்புட்டுதான்டி கதை. கண்ணை மூடு, அத்தைக்கும் தூக்கம் வருது.